பெரியம்மா வீட்டுச் சாவி

பெற்ற மகனை வீட்டை விட்டு வெளியேற்றிய கதையை எழுதப் போகிறேன் என்றதும், "குடும்பத்தார் படிக்கிற இதழில் இதையா எழுதுவாய்?" என்று கேட்டார் என் கணவர். குடும்பத்தார் படிக்கிற இதழில் எழுதாமல் வேறு எங்கே எழுதுவதாம்? இந்த மாதிரி விஷயமெல்லாம் குடும்பத்துக்குள்தானே நடக்கிறது! தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபோன நம் வீடுகளில் எத்தனை வயதான தாய்மார்கள் அடியும் வாங்கி, அதை மறைக்கப் பொய்யும் சொல்லிக்கொண்டு இருக்கிறார்கள் என்பது அக்கம் பக்கத்தாருக்குத் தெரியும். ஆகவே பெரியம்மாவின் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு, ஆள் பெயரும் ஊர்ப் பெயரும் சொல்லாமல், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பெரியம்மா என் தாயாரின் அக்காள். 1947-இல் தென் கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். பதினான்கு வயதில் பால்வெட்டும் கத்தியைக் கையில் எடுத்தவர், தோட்டம் கைமாறும் வரை கீழே வைக்கவில்லை. பெரியப்பாவும் அதே தோட்டத்தில்தான் வேலை. தோட்டத்து வீட்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வேலை இருக்கும் வரை வீடு. வேலை முடிந்தால் மூட்டையைக் கட்ட வேண்டும். அறுபது வருஷம் ஒரே லயத்தில் மூன்று தலைமுறை பிறந்து வளர்ந்திருக்கும். ஆனால் ஒரு செங்கல் கூட நம்முடையது என்று சொல்ல முடியாது.

1988-இல் டவுனுக்கு வெளியே மலிவு விலை வீடுகள் கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் பெரியம்மா ஒற்றைக் காலில் நின்றார். விலை 25,000 வெள்ளி. 1982-இல் அரசாங்கம் மலிவு வீட்டுக்கென்று வைத்த உச்ச விலை அது. கழுத்தில் கிடந்ததை விற்று, சீட்டு எடுத்து, கோழி ஆடு எல்லாம் காசாக்கி முன்பணம் கட்டினார்கள். பெரியப்பாவுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டதால் வங்கிக் கடன் பெரியம்மா பேரில் எடுக்க வேண்டியதாயிற்று. அதனால் வீடும் பெரியம்மா பேரிலேயே பதிவானது. அன்றைக்கு அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. "உங்க பெரியம்மா இப்ப வீட்டுக்காரம்மா, நான் குடக்கூலி இல்லாத குடித்தனக்காரன்" என்று பெரியப்பா கேலி செய்வார். அவர் 2009-இல் காலமானார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போகிறேன். வீடு பெரியப்பா பேரில் இருந்து, அவர் உயில் எழுதாமல் போயிருந்தால், 1958-ஆம் ஆண்டு வாரிசுப் பங்கீட்டுச் சட்டப்படி மூன்றில் ஒரு பங்குதான் பெரியம்மாவுக்கு வந்திருக்கும். மீதி இரண்டு பங்கு பிள்ளைகளுக்குப் போயிருக்கும். மகன் அந்த வீட்டில் பங்குக்காரனாகவே உட்கார்ந்திருப்பான். பிறகு நடந்ததை நினைத்துப் பார்க்கும்போது, அந்த வங்கிக் குமாஸ்தா பெரியப்பாவின் வயதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியது எவ்வளவு பெரிய உபகாரம்!

பெரியம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள். மகள் கல்யாணமாகி ஜொகூரில் இருக்கிறாள். மகன் எனக்கு ஏழு வயது இளையவன். சின்ன வயதில் என் இடுப்பை விட்டு இறங்கமாட்டான். ஆயாக்கொட்டகையிலிருந்து நான்தான் தூக்கிக்கொண்டு வருவேன். பினாங்கில் தொழிற்சாலை வேலை, கல்யாணம், ஒரு பெண் குழந்தை எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. குடி எங்கிருந்தோ வந்து சேர்ந்தது. மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய்வீடு போய்விட்டாள். வேலையும் போனது. 2019 கடைசியில் ஒரு மோட்டாரும் ஒரு துணிப் பையுமாகத் தாய் வீட்டு வாசலில் வந்து நின்றான். எந்தத் தாய் வேண்டாமென்பாள்? பெரியம்மா முன் அறையைக் காலி செய்து கொடுத்தார்.

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. உலகமே வீட்டுக்குள் அடைந்து கிடந்த அந்த மாதங்களில் அந்தச் சின்ன வீட்டுக்குள் என்ன நடந்தது என்பதைப் பெரியம்மா இரண்டு வருஷம் கழித்துத்தான் வாய்விட்டுச் சொன்னார். முதலில் காசு. பத்து, இருபது என்று கேட்டு வாங்கினான். பிறகு சமூகநல இலாகா கொடுக்கும் முதியோர் உதவித்தொகை வங்கிக் கார்டோடு அவன் கைக்குப் போனது. கேட்டால் ஏச்சு. ஏச்சு தள்ளலானது, தள்ளல் அடியானது. சம்சுப் புட்டியை ஒளித்து வைத்தார் என்று ஓர் இரவு முழுக்க அவரைக் குசினிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறான். எழுபத்து மூன்று வயதுக் கிழவி, சிமெண்டுத் தரையில், அரிசி மூட்டையில் தலைசாய்த்துப் படுத்திருக்கிறார்.

தோட்டத்தில் இது நடந்திருக்குமா என்று நானும் என் தங்கையும் அடிக்கடிப் பேசிக்கொள்வோம். தோட்டத்திலும் குடி இருந்தது, அடி இருந்தது. பெண்டாட்டியை அடிக்காத வீடு எது என்று விரல் விட்டு எண்ணலாம். தோட்டம் சொர்க்கம் என்று கதைகட்ட எனக்கு விருப்பமில்லை. ஆனால் லயத்தில் பலகைச் சுவர். ஒரு வீட்டில் பாத்திரம் விழுந்தால் நாலாவது வீட்டில் கேட்கும். தாயை அடித்தான் என்றால் மறுநாள் பெரட்டுக்களத்தில் தலைகாட்ட முடியாது. கோயில் தலைவர் கூப்பிட்டு விசாரிப்பார், சங்கத் தலைவர் வருவார், மிஞ்சினால் துரை வரைக்கும் போகும். வேலையை விட்டு நிறுத்தினால் வீடும் சேர்ந்து போய்விடும். அந்தப் பயம் இருந்தது. மேலும் ஒன்று, அங்கே ஒரு கிழவியை அடித்துப் பிடுங்குவதற்கு அவளிடம் வீடு என்று ஒன்று கிடையாது! தாமானுக்கு வந்த பிறகு செங்கல் சுவர், இரும்புக் கேட்டு, ஜன்னலுக்குக் கம்பி. திருடன் வராமல் இருக்கப் போட்ட கம்பி, உள்ளே இருக்கும் சத்தத்தையும் வெளியே விடுவதில்லை. 25,000 வெள்ளிக்கு வாங்கிய வீடு இன்றைக்கு அதைப் போலப் பல மடங்கு பெறும். அதன் மேல்தான் அவன் கண் விழுந்தது.

2022-இல் ஒரு நாள் எங்கிருந்தோ நிலமாற்றுப் பாரம் ஒன்றைக் கொண்டுவந்தான். பதினான்கு-ஏ என்று சொல்வார்களே, அதுதான். ரேகை வை என்றான். பெரியம்மா வைக்கவில்லை. வீட்டுக் கிராண்ட் எங்கே என்று அலமாரி, மெத்தை, சாமி மேடை எல்லாம் புரட்டினான். கிராண்ட் பழைய மைலோ டின்னில், உளுந்துக்கு அடியில் இருந்தது. மூன்று மாதம் அந்த டின் அவன் கண்ணெதிரேயே அடுக்கில் இருந்ததாம். (இதைச் சொல்லும்போது மட்டும் பெரியம்மா சிரித்தார்.) தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அந்தப் பாரத்தில் வீட்டுக்காரரின் கையெழுத்தையோ ரேகையையோ வழக்கறிஞர், நில அலுவலக அதிகாரி போன்ற ஒருவர் நேரில் இருந்து பார்த்து உறுதிசெய்ய வேண்டும். வீட்டில் கையைப் பிடித்து அமுக்கி வாங்கும் ரேகை மட்டும் போதாது. அது அவனுக்கும் தெரியவில்லை, பெரியம்மாவுக்கும் தெரியவில்லை.

விஷயம் அரசல் புரசலாக உறவுக்குள் தெரிய வந்ததும் பஞ்சாயத்து கூடியது. நம்மவர்கள் பஞ்சாயத்து எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு மாமா, "பெத்த புள்ளைய வெளியே தள்ளுனா ஊரு சிரிக்கும்" என்றார். அவன் அடித்ததற்கு ஊர் சிரிக்காதாம், வெளியே போகச் சொன்னால்தான் சிரிக்குமாம்! இன்னொருவர் கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் வாங்கலாம் என்றார். வாங்கினார்கள். பதினொரு நாள் தாங்கியது. என் தம்பி வேறு மாதிரி. நாலு பையன்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பிடரியில் தட்டி வெளியே எறிந்துவிடலாம் என்று துள்ளினான். நான் ஒப்புக்கொள்ளவில்லை. எறிந்துவிட்டு அந்தப் பையன்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள், பெரியம்மா தனியாக இருப்பார். அடிபட்டவன் ஐந்தாம் நாள் இரவு திரும்பி வந்தால் யார் இருப்பார்கள்? அதோடு, அந்த மாதிரிப் பையன்களிடம் ஒரு முறை உதவி வாங்கினால் அதற்குக் கூலி கேட்டுப் பிறகு வேறொரு நாள் கதவைத் தட்டுவார்கள். நம் தாமான்களில் அந்தக் கதையும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

ஒரு முறை பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒரு போலீஸ் நிலையத்துக்குப் போனோம். முகப்பில் இருந்தவர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தாய் பிள்ளை சங்கதி, வீட்டில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிட்டார். பெரியம்மாவுக்கு அது ரொம்ப வசதியாகப் போய்விட்டது. "பாத்தியா, போலீசே சொல்லிருச்சு" என்றார். அவருடைய பயம் எல்லாம் மகனைச் சிறையில் போட்டுவிடுவார்களோ என்பதுதான். "அவன் குடிச்சாத்தான் அப்படி. தெளிஞ்சா தங்கம்டி" என்பார். தெளிந்திருக்கும் நேரம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது அவருக்குக் கணக்கில் வரவில்லை.

ஆகஸ்டு மாதம் ஒரு வியாழக்கிழமை அந்திக்கு, பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாள் எனக்குப் போன் செய்தார். நானும் என் கணவரும் போனபோது பெரியம்மா வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். வலது மணிக்கட்டு வீங்கிப் பந்துபோல் இருந்தது. கன்னத்தில் விரல் தடம். அவன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். நேரே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். "வழுக்கி விழுந்துட்டேன்" என்றார் பெரியம்மா. அந்த இளம் டாக்டர், தமிழ்ப் பெண்தான், கன்னத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு என்னையும் என் கணவரையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, பெரியம்மாவைத் தனி அறைக்குக் கூட்டிப் போனார். வீட்டில் அடிபட்டு வருகிறவர்களை ஒரே இடத்தில் வைத்துப் பார்ப்பதற்கென்று அரசாங்க ஆஸ்பத்திரிகளில் ஏற்பாடு உண்டு. கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் 1994-இல் முதலில் தொடங்கினார்கள்; பிறகு மற்ற ஊர்களுக்கும் வந்தது. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அரை மணி நேரம் கழித்துப் பெரியம்மா அழுது முடித்த முகத்தோடு வந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தார். எங்களிடம் இரண்டு வருஷமாகச் சொல்லாததை முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் சொன்னார். அந்தப் பெண் டாக்டர் என்ன கேட்டார் என்று பிற்பாடு விசாரித்தேன். "பாட்டி, இன்னிக்கு ராத்திரி வீட்டுக்குப் போக உங்களுக்குப் பயமா இருக்கா?" அவ்வளவுதானாம் கேட்டது.

ஆஸ்பத்திரியிலேயே போலீஸ் பொண்டோக் இருந்தது. அங்கேயே ரிப்போர்ட் எழுதினோம். இந்த முறை யாரும் பேசித் தீர்த்துக்கொள் என்று சொல்லவில்லை. ரிப்போர்ட்டின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டோம். வாசகிகள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். மேற்கொண்டு எங்கே போனாலும் அந்தத் தாளைத்தான் கேட்கிறார்கள்.

ஆனால் மறுநாள் வெள்ளிக்கிழமை. கெடாவில் வெள்ளியும் சனியும் அரசாங்க விடுமுறை. கோர்ட் ஞாயிற்றுக்கிழமைதான் திறக்கும். அதுவரை என்ன செய்வது? இங்கேதான் சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் நாட்டில் 1994-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. 1996-இல் அமலுக்கு வந்தது. அது புருஷன் பெண்டாட்டிக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் என் உறவுக்காரர் எல்லாரும் அப்படித்தான் கேள்விப்பட்டிருந்தோம். வளர்ந்த மகன், மகள், தாய், தகப்பன், உடன்பிறந்தவர் எல்லாருமே அதில் அடக்கம். எந்த இனம், எந்த மதம் என்ற பேதமும் இல்லை. 2017-இல் அதைத் திருத்தி, அவசரப் பாதுகாப்புக் கட்டளை என்று ஒன்றைச் சேர்த்தார்கள். அடியோ, அடி விழும் என்ற பயமோ இருந்தால், சமூகநல இலாகா அதிகாரியே கோர்ட்டுக்குப் போகாமல் அதைக் கொடுக்கலாம். ஏழு நாள் செல்லும். அதற்குப் போலீஸ் ரிப்போர்ட் கூடக் கட்டாயம் இல்லை. அந்த ஏழு நாளும் அடித்தவன் பாதிக்கப்பட்டவர் இருக்கும் வீட்டுக்குள் நுழையக் கூடாது என்று அதில் எழுதலாம்.

15999 என்ற எண்ணுக்குப் போன் செய்தோம். அது அரசாங்கத்தின் உதவி எண், இரவு பகல் எந்நேரமும் ஆள் இருப்பார்கள். மறுநாளே சமூகநல இலாகாவிலிருந்து ஒரு மலாய்க்கார அதிகாரி வந்தார், நாற்பது வயதிருக்கும். எங்கள் வீட்டு வராந்தாவில் பெரியம்மாவுக்கு எதிரே கீழே பாயில் உட்கார்ந்துகொண்டு, "மாக் சிக், அந்த வீடு யார் பேரில் இருக்கிறது?" என்று கேட்டார்.

"என் பேருல."

"உங்கள் மகன் வாடகை ஏதாவது கொடுக்கிறாரா?"

பெரியம்மா அவரை விநோதமாகப் பார்த்தார். "புள்ளகிட்ட எப்படிம்மா வாடகை வாங்குறது?"

"அப்படியானால் அவர் உங்கள் வீட்டில் விருந்தாளி" என்றார் அந்த அம்மாள். "நீங்கள் இருக்கலாம் என்று சொல்லும் வரை இருக்கலாம்."

பெரியம்மா அதைக் கேட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். முப்பத்து நாலு வருஷம் அந்த வீட்டுக்குச் சொந்தக்காரியாக இருந்திருக்கிறார். கடன் கட்டியிருக்கிறார், கூரை மாற்றியிருக்கிறார், வரி கட்டியிருக்கிறார். ஆனால் யாரைப் போகச் சொல்லலாம், யாரை இருக்கச் சொல்லலாம் என்று அவரிடம் ஒருவரும் கேட்டதே இல்லை. தோட்டத்தில் அதைச் சொல்ல மேனேஜர் இருந்தார். வீட்டில் பெரியப்பா இருந்தார். அவர் போன பிறகு மகன் வந்துவிட்டான்.

அன்று மாலையே கட்டளை கையெழுத்தாகிப் போலீசுக்குப் போனது. இரண்டு போலீஸ்காரர்கள் அந்தத் தாளைக் கொடுக்க வீட்டுக்குப் போனார்கள். என் கணவரும் தம்பியும் கூடப் போனார்கள். நானும் போனேன். பெரியம்மாவை என் தங்கையோடு எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டோம். மகன் அழுதால் அவர் இளகிவிடுவார் என்று எனக்குத் தெரியும்.

அவன் அழத்தான் செய்தான். தெளிந்திருந்தான். முகம் கழுவி, திருநீறு கூடப் பூசியிருந்தான். போலீஸ்காரர் படித்துக் காட்டியதைத் தலைகுனிந்து கேட்டுவிட்டு, என்னைப் பார்த்து, "அக்கா, நீயுமா?" என்றான். இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பதில் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் வாக்குவாதமாகும் என்று போலீஸ்காரர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். துணி, அடையாளக் கார்டு, மோட்டார் சாவி, மருந்து, போன் எல்லாம் எடுத்துக்கொள்ளச் சொன்னோம். பெரியம்மாவின் வங்கிக் கார்டைத் திரும்ப வாங்கினோம். எடுத்ததையும் கொடுத்ததையும் என் கணவர் ஒரு பள்ளிக்கூடப் புத்தகத்தில் எழுதி, போலீஸ்காரர் எதிரிலேயே அவனிடம் கையெழுத்து வாங்கினார். பிற்பாடு "என் சங்கிலியைக் காணோம், என் பணத்தைக் காணோம்" என்று பேச்சு வராமல் இருந்ததற்கு அந்த ஒரு பக்கம்தான் காரணம். அவனுக்கு ஒரு மாத அறை வாடகைக்கு ஜொகூரிலிருந்து தங்கை பணம் அனுப்பியிருந்தாள். அதையும் கையில் கொடுத்தோம். நடுத்தெருவில் விட எங்களுக்கும் மனமில்லை. விட்டால் நேரே திரும்பி இங்கேதான் வருவான் என்ற கணக்கும் இருந்தது.

அவன் மோட்டார் சத்தம் முனை திரும்புவதற்குள் பூட்டுக்காரரைக் கூப்பிட்டுவிட்டோம். முன்கதவு, பின்கதவு, இரும்புக் கேட்டு மூன்றுக்கும் பூட்டு மாறியது. பின்பக்கக் கக்கூஸ் ஜன்னலுக்குக் கம்பி இல்லாததைத் தம்பிதான் கவனித்தான்.

ஞாயிற்றுக்கிழமை மாஜிஸ்திரேட் கோர்ட். புலன்விசாரணை அதிகாரி கொடுத்த கடிதத்தோடு அந்த மலாய்க்கார அம்மாளே கூட வந்தார். அவன் இல்லாமலேயே இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை கிடைத்தது. போலீஸ் விசாரணை நடக்கும் வரை அது செல்லும். வழக்குப் பதிவானதும் பாதுகாப்புக் கட்டளை. அது பன்னிரண்டு மாதம் வரை, தேவைப்பட்டால் இன்னும் பன்னிரண்டு மாதம் நீட்டிக்கலாம். அந்த வீட்டில் பெரியம்மா மட்டுமே குடியிருக்கலாம், மகன் உள்ளே வரக் கூடாது என்று கோர்ட் எழுதிக் கொடுத்தது. கட்டளையை மீறினால் 2,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ. மீறி வந்து கையும் வைத்தால் தண்டனை இரட்டிப்பு. வழக்கு ஐந்து மாதம் இழுத்தது. அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான், அபராதம் கட்டினான். சிறைக்குப் போகவில்லை.

எல்லா வீட்டிலும் அடி இருக்கும் என்பதில்லை. அடிக்காமல், வேலைக்கும் போகாமல், போகச் சொன்னாலும் போகாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளும் உண்டு. அங்கே இந்தச் சட்டம் அவ்வளவு சுலபமாகக் கைகொடுக்காது. இத்தனை தேதிக்குள் காலி செய் என்று வீட்டுக்காரர் எழுத்தில் கொடுத்து, அதற்கும் அசையாவிட்டால் சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருக்கும். அதற்கு வழக்கறிஞர் வேண்டும், நாளும் ஆகும். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களில் முதலில் ஆலோசனை கேட்பது நல்லது. ஆனால் ஏச்சையும் மிரட்டலையும் "அடி இல்லையே" என்று தள்ளிவிட வேண்டாம். 2012 திருத்தத்தில் மனத்தைச் சித்திரவதை செய்வதையும், 2017 திருத்தத்தில் பாதிக்கப்பட்டவரின் பணத்தையோ பொருளையோ மோசமாகப் பறித்து நோகடிப்பதையும் இந்தச் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். பெரியம்மாவின் வங்கிக் கார்டு விவகாரம் ரிப்போர்ட்டில் தனியாக எழுதப்பட்டது அதனால்தான்.

சட்டம் செய்த வேலை ஒரு வாரம். மிச்ச வேலை ஒரு வருஷம் எங்கள் தலையில் இருந்தது. முதல் மாதம் இரவில் பெரியம்மா தனியாகப் படுக்கவில்லை. நானும் தங்கையும் மாறி மாறிப் போனோம். பக்கத்து வீட்டு அம்மாளிடமும் எதிர்வீட்டுச் சீனக் கிழவரிடமும் விஷயத்தை மறைக்காமல் சொல்லி, கட்டளையின் நகலையும் காட்டினோம். உறவினர்களிடம்கூட இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை! சீனக் கிழவர் அன்றிலிருந்து தன் நாற்காலியைப் பெரியம்மா வீட்டுக் கேட்டு தெரியும்படி திருப்பிப் போட்டுக்கொண்டார். "ஊரு சிரிக்கும்" என்ற மாமா எங்கள் வீட்டுப் பக்கம் ஆறு மாதம் வரவில்லை. அதனால் எங்களுக்குத் தேத்தண்ணீர் மிச்சம்.

பெரியம்மாதான் எல்லாரையும் விடக் கஷ்டப்பட்டார். இரவில் சோறு போடும்போது, "அவன் சாப்பிட்டிருப்பானா?" என்பார். இரண்டு பேருக்கு உலை வைத்துவிட்டு, பிறகு நினைவு வந்து பாதியை நாய்க்குப் போடுவார். ஒரு நாள் என் மேல் எரிந்து விழுந்தார். "உனக்கு லேசாச் சொல்லிட்டே. நீ பெத்தியா?" என்றார். பெறவில்லைதான். நான் ஒன்றும் சொல்லாமல் அவர் மணிக்கட்டுக்குத் தைலம் தேய்த்தேன். அந்த வருஷம் தீபாவளிக்கு முறுக்கும் கோழிக்கறியும் கட்டி என் கணவரிடம் கொடுத்து அவன் அறைக்கு அனுப்பினார். கோர்ட் கட்டளை மகனைத்தான் வரக்கூடாது என்கிறது, முறுக்கைப் போகக்கூடாது என்கிறதா என்று எங்களையே கேட்டார். பதில் இல்லை எங்களிடம்.

டிசம்பரில் ஒரு முறை குடித்துவிட்டு வந்து கேட்டைப் பிடித்து ஆட்டினான். பெரியம்மா விளக்கை அணைத்துவிட்டு, முன்கூட்டியே சொல்லி வைத்தபடி, குசினிக்குப் போய்ப் பின்கதவு ஓரமாக நின்றுகொண்டு எனக்குப் போன் செய்தார். நான் 999-க்கு அடித்தேன். எதிர்வீட்டுக் கிழவர் அதற்குள் தெரு விளக்கடியில் நின்று சத்தம் போட ஆரம்பித்திருந்தார். போலீஸ் வந்தது, ஓர் இரவு நிலையத்தில் வைத்தார்கள். அதற்குப் பிறகு அவன் கேட்டைத் தொடவில்லை.

அவன் திருந்திவிட்டானா என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஆஸ்பத்திரியில் குடியை நிறுத்தும் சிகிச்சைக்கு இரண்டு முறை போனான், நிறுத்தினான், மறுபடி போனான். இப்போது பட்டர்வொர்த் பக்கம் ஒரு கிடங்கில் வேலை. குடிக்கிறான்; முன்னைப் போல் இல்லை என்று சொல்கிறான். கட்டளையின் காலம் முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் பகலில் வருகிறான். பெரியம்மா கேட்டைத் திறந்து வராந்தாவில் நாற்காலி போட்டுச் சோறு போடுகிறார். குடி வாடை வந்தால் கேட்டுத் திறப்பதில்லை. கம்பி வழியாக, "போயிட்டுத் தெளிஞ்சு வா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறார். எழுபத்தைந்து வயதுக்கு மேல் அவர் கற்றுக்கொண்ட வார்த்தை இது. முதல் தடவை சொன்ன அன்று நானும் அங்கே இருந்தேன். சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய், அடுப்பில் ஒன்றும் இல்லாமலேயே கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என்னைப் பார்த்து, "ரசம் சுட வைக்கவா?" என்றார்.

கிராண்டு இப்போது மைலோ டின்னில் இல்லை, மகள் பேரில் எடுத்த வங்கிப் பெட்டகத்தில் இருக்கிறது. பெரியம்மா தமக்குப் பிறகு வீடு யாருக்கு என்று உயிலும் எழுதிவிட்டார். யாருக்கு என்று எங்களிடம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. புதுப் பூட்டுக்குச் சாவி மூன்று. ஒன்று என்னிடம், ஒன்று பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாளிடம். இன்னொன்றைப் பெரியம்மா சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருக்கிறார்.